அத்தையின் சோப்பும் அரசாங்கத்தின் சட்டமும்

நம் சங்க மலரில் காதலைப் பற்றி எழுதுவோர் உண்டு. காவிரியைப் பற்றி எழுதுவோரும் உண்டு. சோப்பைப் பற்றி எழுதத் துணிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆசிரியர் குழுவினர் முதலில் நகைத்தனர். பிறகு, "சரி, எழுதித்தான் பாரேன்" என்று இடம் ஒதுக்கித் தந்தனர். அவர்களுக்கு என் நன்றி. படிக்கும் நண்பர்கள் சற்றே நகைப்பை அடக்கிக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் இதில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. நான் எழுதிய பொய் ஒன்றும் அடங்கியிருக்கிறது.

மைசூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்துவிடும். காவிரி இரு கிளையாகப் பிரிந்து அணைத்துக்கொண்டிருக்கும் தீவு அது. அரங்கநாதரைச் சேவிக்க வருவோர், திப்புவின் கோட்டையையும் 1784-இல் அவர் கட்டிய தரியா தௌலத் மாளிகையையும் காண வருவோர், கஞ்சாமில் ஆற்றங்கரையிலுள்ள நிமிஷாம்பாள் கோயிலுக்கு வருவோர் என்று விடுமுறை நாட்களில் ஊர் நிரம்பி வழியும். என் அத்தை அங்கே வாழ்க்கைப்பட்டு முப்பது ஆண்டுகளாகின்றன. மாமா காலமான பிறகு, யார் கையையும் எதிர்பாராமல் குடும்பத்தை ஓட்ட அத்தை கண்டுபிடித்த வழிதான் சோப்பு.

சமையலறையே தொழிற்சாலை. தேங்காய் எண்ணெயையும் விளக்கெண்ணெயையும் நிறுத்து, காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கடைந்து மரச் சட்டத்தில் ஊற்றுவார். (தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது என்று எனக்குக் கற்பித்தவர் கல்லூரி ஆசிரியரல்லர், அத்தைதான்.) மறுநாள் வில்லைகளாக அறுத்துப் பரண்மேல் அடுக்கினால், ஒரு மண்டலம் கழித்துத்தான் கீழே இறக்குவார். மாதத்துக்கு அறுபது வில்லை போனால் அதிகம். மஞ்சள், வேப்பிலை, மஞ்சிட்டி, செம்பருத்தி என்று நான்கு வகை. மஞ்சள் மட்டும் எங்கள் ஈரோட்டு வீட்டிலிருந்து என் தந்தையார் அனுப்புவது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகும் நான், சாப்பிட்ட கடனுக்கு ஒரு காரியம் செய்தேன். சோப்பைச் சுற்றும் தாளுக்கு ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தேன். "முற்றிலும் மூலிகை. இரசாயனம் அறவே இல்லை. குழந்தைகளுக்கும் ஏற்றது." தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து ஒட்டினோம். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

காஸ்டிக் சோடா இரசாயனமில்லாமல் வேறென்ன என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டு வாசலுக்கு வந்தாள். நானும் அன்று இருந்தேன். குழந்தையின் கன்னத்தில் செந்நிறமாகத் தடித்திருந்தது. அவள் கூச்சலிடவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை. செம்பருத்தி சோப்பின் மீதியை நீட்டி, "இதிலே என்ன போட்டிருக்கிறீர்கள் அம்மா? டாக்டர் கேட்கிறார்" என்று கன்னடத்தில் கேட்டாள். அத்தை, "செம்பருத்திப் பூதான் தாயே" என்றார். ஆனால் அந்தக் குரலில் உறுதியில்லை.

அவள் போன பிறகு நான் கேட்டேன். "அத்தே, வெறும் பூதானா?"

"பூவும்தான் போட்டேன். ஆனா நிறம் நிற்க மாட்டேங்குதுடா. ரெண்டு நாளிலே சாம்பல் மாதிரி ஆகிப்போகுது. அதைப் பார்த்து யார் வாங்குவா? கொஞ்சம் சிவப்புப் பொடி சேர்த்தேன்."

"என்ன பொடி?"

"மூலிகைச் சிவப்புன்னுதான் கடையிலே கொடுத்தான். ஏண்டா, மூலிகைன்னு நீதானே எழுதினே?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. பொடி வந்த பொட்டலத்தைப் பார்த்தேன். செய்தவர் பெயரில்லை, ஊர் இல்லை, என்ன செடி என்றில்லை. தடிப்பு இரண்டு நாளில் அடங்கிவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். அது பொடியால் வந்ததா, காரத்தால் வந்ததா, வாசனைத் தைலத்தால் வந்ததா என்று இன்றுவரை தெரியாது. தெரியாது என்பதுதான் என் கட்டுரைக்கே பொருள்.

செம்பருத்தி ஏன் சாம்பலாகிறது? நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிந்த ஒரு காட்சியை நினைவு கூருங்கள். மணமக்களுக்கு எடுக்கும் ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் நீர் இரத்தமாய்ச் சிவக்கிறதல்லவா? காரம் பட்டால் செடியின் நிறம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று ஆய்வுக்கூடத்தில்கூட இல்லை. சோப்புக் குழம்பு சுண்ணாம்புத் தண்ணீரைப் போலக் காரமுள்ளது. அதில் விழுந்த மஞ்சள் முதலில் சிவந்து, சோப்பு முதிர முதிரக் காவி கலந்த மஞ்சளுக்குத் திரும்புகிறது. செம்பருத்தி, சங்குப்பூ, பீட்ரூட் மூன்றும் தம் அழகை இழந்து பழுப்பாகின்றன. வேப்பிலைப் பச்சையும் வெளிச்சத்தில் மங்கும். ஓரளவு தாக்குப்பிடிப்பவை மஞ்சிட்டியும் அவுரியும் போன்ற சிலவே. ஆகவே வீட்டுச் சோப்பு ஒன்று குங்குமம்போல் பளிச்சென்று சிவந்திருந்தால், அதைப் பார்த்து மகிழுமுன் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பது நல்லது. அத்தை வாங்கிய பொடியை வேதியியல் படிக்கும் நண்பர் ஒருவர் எலுமிச்சைச் சாற்றிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் அது முகம் மாறவில்லை. பூவின் சிவப்பாயிருந்தால் மாறியிருக்கும். அது என்ன சாயம் என்பதை இச்சோதனை சொல்லாது; ஈயம் உண்டா இல்லையா என்பதையும் ஒரு குவளைத் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. அதற்கு வேறு கருவிகள் வேண்டும்.

இதன் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். மருந்துகளுக்கும் அழகுப் பொருள்களுக்கும் நம் நாட்டில் உள்ளது 1940-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒரு வேடிக்கை. அழகுப் பொருள் என்றால் என்ன என்று விளக்கும் வரியில், "சோப்பு இதில் சேராது" என்ற பொருளில் சில சொற்கள் நெடுநாள் இருந்தன. 1982-இல் செய்த திருத்தம் அவற்றை நீக்கியது. 1983 பிப்ரவரி முதல் குளிக்கும் சோப்பும் மையும் பவுடரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. அமெரிக்காவிலோ எண்ணெயும் காரமும் சேர்ந்த சாதாரணச் சோப்பு, சோப்பு என்ற பெயரில் மட்டும் விற்கப்பட்டால், இன்றும் அழகுப் பொருள் சட்டத்துக்குள் வராது.

நிறத்தைப் பற்றிய நம் விதி கடினமானதன்று. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 4707-ஆம் எண் தரத்தின் முதல் பகுதியிலும் விதிகளோடு இணைந்த அட்டவணையிலும் கண்ட நிறங்களையே சேர்க்கலாம். அந்த நிறத்தில், அது ஆலையில் பிறந்ததாயினும் செடியில் பிறந்ததாயினும், ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் ஆர்செனிக் 2 பங்குக்கும் மிகலாகாது. நிறத்துக்காகவென்று ஈயக் கூட்டுப்பொருளையோ ஆர்செனிக்கையோ சேர்ப்பது அறவே தடை. விற்பனைக்காகவோ வினியோகத்துக்காகவோ செய்பவர் மாநில அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். தம் வீட்டாருக்கு மட்டும் நலங்கு மாவு அரைப்பவரைச் சட்டம் தேடி வராது. 2020 டிசம்பரில் அழகுப் பொருள்களுக்கென்று தனி விதிகள் வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

"செடியில் பிறந்ததாயினும்" என்ற இடத்தில்தான் நம்மவர் பலர் சீறுகின்றனர். "பாட்டி காலத்தில் சட்டமா இருந்தது? மஞ்சள் பூசாத முகமுண்டா? மருதாணி வைக்காத கையுண்டா?" என்று மேடையதிரப் பேசுகின்றனர். நானும் அப்படிப் பேசியவன்தான். சோப்புத் தாளில் எழுதியும் வைத்தவன். ஆனால் பாட்டியின் மஞ்சள் பாட்டியின் கொல்லையில் கிடைத்தது. கிழங்கு தோண்டியது யார், வேக வைத்தது யார், இடித்தது யார் என்று பாட்டிக்குத் தெரியும். நமக்கு என்ன தெரியும்? வங்காள தேசத்தில் மஞ்சள் கிழங்கு பளபளப்பதற்காக ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் வர்ணத்தை ஏற்றி வந்தார்கள். 2019-இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. சர்க்கார் கண் விழித்து, ஆலைகளைச் சோதித்து, அபராதம் விதித்து, மக்களுக்கு எடுத்துச் சொன்னது. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் காணப்படவில்லை. சட்டம் இயற்றி என்ன பயன் என்று அலுத்துக்கொள்வோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நியூஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அங்கும் இந்தியாவிலும் விற்ற சிந்தூரத்தைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் ஈயம் கிடைத்தது. சிலவற்றில் மேலே சொன்ன 20 பங்கு வரம்பையும் தாண்டியிருந்தது. அவற்றையும் மங்கலப் பொருள் என்றுதான் விற்றிருப்பார்கள். கறுப்பு மருதாணி என்று விற்பதில் பல, மருதாணியோடு முடிச் சாயத்துக்கான இரசாயனத்தைக் கலந்தவை, தோல் கொப்புளிக்கும்.

பட்டியல் என்பதும் வேதவாக்கன்று. மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகளின் பட்டியலில் மஞ்சளின் நிறப்பொருள் 75300 என்ற எண்ணோடு கௌரவமாக வீற்றிருக்கிறது. அமெரிக்காவிலோ மஞ்சள் உணவுக்கு நிறமாகலாம், முகப்பூச்சுக்கு நிறமாக அனுமதியில்லை. மருதாணி தலைமுடிக்கு ஆகும், கைக்கு ஆகாது. அங்கே ஒரு நிறத்தைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமானால் யாரேனும் ஆதாரங்களோடு விண்ணப்பித்து வழக்காட வேண்டும். கோடிக்கணக்கான பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசிக் குளித்தது அதற்கு ஆதாரமாகாது. இதைக் கேட்டால் என் அத்தை, "அவங்க கண்டாங்க!" என்று கையை உதறுவார். எனக்கும் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது. ஆயினும் பட்டியலில் உள்ள குறைக்கு மருந்து பட்டியலைத் திருத்துவதேயன்றிப் பட்டியலே கூடாதென்பதன்று. அந்தக் குழந்தையின் தாய் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வியைத்தான் சட்டமும் கேட்கிறது: இதிலே என்ன போட்டிருக்கிறீர்கள்? அறுபது வில்லை செய்பவரும் அறுபது லட்சம் வில்லை செய்பவரும் இதற்கு ஒரே மாதிரி விடை சொல்லியாக வேண்டும். இதில் ஏழை பணக்காரர், வீடு ஆலை என்று எந்தச் சலுகையையும் நான் ஒப்பமாட்டேன்.

இனி சர்க்காருடன் என் வழக்கு. அத்தையிடம் உரிமம் இல்லை. (இதை அச்சில் எழுத அத்தையின் அனுமதி பெற்றிருக்கிறேன், அன்று முதல் விற்பனையை நிறுத்திவிட்டார்.) ஏன் வாங்கவில்லை என்று நாம் எளிதாகக் கேட்டுவிடலாம். பழைய விதிகளின் எம்-2 அட்டவணையைப் படித்துப் பாருங்கள். சிறிய அளவில் குளியல் சோப்பு செய்வதற்கே 100 சதுர மீட்டர் இடம் வேண்டுமென்று அது சிபாரிசு செய்தது. அத்தையின் வீட்டைத் திண்ணையோடு சேர்த்து அளந்தாலும் அதில் பாதி தேறாது. கொதிகலன், உலர்த்தி, மூன்று உருளை கொண்ட அரைவை இயந்திரம், குழைத்துத் தள்ளும் இயந்திரம், முத்திரை பதிக்கும் இயந்திரம் என்று சாதனங்களின் வரிசை நீள்கிறது. மரச் சட்டத்தில் ஊற்றி அரிவாளால் அறுப்பவருக்கு மூன்று உருளை எதற்கு? புதிய விதிகளிலும் இடம், சாதனம் பற்றிய அட்டவணை உண்டு. அதுவும் ஆலையை மனத்தில் வைத்து எழுதியதே. பழைய விதிகளில் நியாயமான பகுதியும் இல்லாமலில்லை. மேற்பார்வைக்கு மருந்தியல் படித்தவர் கிடைக்காவிட்டால், வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு இன்டர்மீடியட் தேறியவர் போதும் என்றிருந்தது. அப்படியானால் நம் விடுதியில் பாதிப் பேர் தகுதியுடையவர்களே!

அதே அத்தை நாளைக்கு ஊறுகாய் போட்டு விற்றால் என்ன ஆகும்? 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் தேவையில்லை. பதிவு செய்துகொண்டு சுத்தம் பேணினால் போதும். வயிற்றுக்குள் போவதற்குப் பதிவு. முதுகில் தேய்த்துக் கழுவிவிடுவதற்கு நூறு சதுர மீட்டரை மனத்தில் வைத்த உரிமம்! இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

இது வெறும் அங்கலாய்ப்பன்று. தாங்க முடியாத சட்டம் எவரையும் நல்வழிப்படுத்துவதில்லை, ஒளிந்து வாழவே கற்பிக்கிறது என்பதை ஸ்ரீரங்கப்பட்டணத்தைவிட அறிந்த ஊர் வேறில்லை. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ விருட்சம் என்று அறிவித்தார். எவன் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசனுக்குரியது. மன்னராட்சி போயும் அந்த உரிமை போகவில்லை. விளைவு? தன் வயலில் சந்தனக் கன்று தலை காட்டினால் குடியானவனுக்கு மகிழ்ச்சிக்குப் பதில் அச்சம் வந்தது. மரம் வளர்ந்தால் காவல் தன் தலையில், வருமானம் பிறர் கையில். களவு போனால் விசாரணை தன் வீட்டில். வளர்க்க ஆளில்லை, வெட்டித் திருட ஆளிருந்தது. 2001-இல்தான் கர்நாடக அரசு சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவனுக்கே மரம் சொந்தம் என்றது. வெட்டுவதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடுகள் இன்றும் உண்டு. ஆனால் இன்று துணிந்து சந்தனம் நடுகிறார்கள். சோப்பிலும் இதே கதைதான் நடக்கிறது. உரிமம் எட்டாத உயரத்தில் இருப்பதால் சிறியவர்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். வெளியே நிற்பவரை எந்த அதிகாரி போய், "இந்தப் பொடி எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்க முடியும்? பொடி விற்பவன்தான் சுகமாக இருக்கிறான்.

சிறு தொழிலைக் கைதூக்கிவிடுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. முதல் உலகப் போரில் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேற வழியின்றித் தேங்கியபோது, மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரையாவும் இங்கேயே எண்ணெய் வடிக்க ஏற்பாடு செய்தனர். 1916-இல் பெங்களூரில் சர்க்கார் சோப்புத் தொழிற்சாலை எழுந்தது. நாடறிந்த மைசூர் சந்தன சோப்பு அதன் குழந்தை. ஆராய்ச்சிச் செலவைச் சர்க்காரே ஏற்றுக்கொண்ட காலம் அது.

நான் கேட்பது அவ்வளவு பெரிதன்று. இங்கிலாந்தில் வீட்டில் சோப்பு செய்வோரும் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. ஆனால் அங்கே தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் ஒரு செய்முறையை, சேர்க்கக்கூடிய நிறங்களோடும் வாசனைகளோடும் சேர்த்து ஆராய்ந்து கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். அந்த எல்லைக்குள் நின்று செய்பவர் ஒவ்வொரு வில்லைக்கும் ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டியதில்லை. நம் மாநில அரசு அப்படி நான்கைந்து செய்முறைகளைத் தானே ஆராய்ந்து கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடட்டும். இன்ன எண்ணெய், இவ்வளவு காரம், இன்ன நிறம், இவ்வளவுக்கு மேல் கூடாது என்று எழுதட்டும். அதன்படி செய்பவர் பதிவு செய்துகொண்டால் போதும் என்றாக்கட்டும். நிறப்பொடி விற்பவன் மட்டும், எத்தனை சிறிய கடையாயினும், பெயரும் ஊரும் சோதனைச் சான்றும் இல்லாமல் ஒரு பொட்டலத்தைக்கூடக் கைமாற்றலாகாது. கடிவாளத்தை நதியின் ஊற்றுக்கண்ணில் போடாமல், கடைசி வாய்க்காலில் நிற்கும் பெண்ணின் கழுத்தில் போடுவானேன்?

அத்தை சும்மா இருக்கவில்லை. சென்ற மாதம் எங்கள் வீட்டு மஞ்சளில் ஒரு ஈடும், நிறமே இல்லாமல் ஒரு ஈடும் ஊற்றிப் பரணில் ஏற்றியிருக்கிறார். அவை வீட்டாருக்கு. செம்பருத்திக்கு இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார். தாளில் அச்சிட வேண்டியதை நான் புதிதாக எழுதினேன்: தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர், மஞ்சள் தூள். அத்தை படித்துவிட்டு, "முன்னே எழுதினது எடுப்பா இருந்ததுடா" என்றார்.

மஞ்சள் தூளை ஈயத்துக்குச் சோதிக்க வேண்டும். எங்கள் வீட்டு மஞ்சள் என்பதால் அதற்கு விலக்கில்லை. சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு விண்ணப்பம் எழுத வேண்டும். கிடைக்காதென்று தெரிந்தே எழுதப் போகிறோம், மறுக்கும் காரணத்தையாவது எழுத்தில் பெறலாமல்லவா? நம் சங்கத்தில் வேதியியல் படிப்போர் இருவரும் சட்டம் படிப்போர் ஒருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வர இசைந்தால் சொல்லுங்கள். பஸ் கட்டணம் என் பொறுப்பு. சாப்பாடு அத்தையின் பொறுப்பு.